சுவரோவியமும் நிழற்படத்தின் எல்லையும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலிலே நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைக் காட்டுகின்றார். காமனும் இரதியும் அங்கே தீட்டப்பட்டிருந்தனர். இந்திரன் பூனையுருக் கொண்டதும், கௌதமன் சினந்ததும், அகலிகை கல்லானதும் தீட்டப்பட்டிருந்தன. இவற்றைப் புலவர் தாமே முன்னின்று விரித்துரைத்தாரல்லர். மலைக்கு வந்தோர் சுவரைச் சுட்டி இவர் யார், அவர் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். அவ்வினாவிடையின் வழியாகவே ஓவியம் படிப்போர்க்குப் புலனாகின்றது. சுவரைப் பாடப் புகுந்தவர் சுவருக்கு முன்னே நின்ற கூட்டத்தையும் பாட்டினுள் அடக்கிக்கொண்டார். பலரும் வந்து காணும் ஓவியத்தை, காண்போரை நீக்கிவிட்டுத் தனியே காட்டுதல் கூடும் என்பது அவர் நினைவிலே எழவில்லை போலும்.

அன்று புலவர் செய்த பணியை இன்று கமரா மேற்கொண்டிருக்கின்றது. ஒரு சுவரோவியத்தை அதன் முன்னே நின்று பார்ப்பவர் நூற்றுவராயின், நிழற்படத்திலே பார்ப்பவர் பல்லாயிரவர். ஆகவே, நிழற்படம் எடுப்பவர் சுவரில் எவ்விடத்திலே தம் படத்தின் நான்கு எல்லைகளையும் வகுக்கின்றார் என்பது சிறியதொரு தொழில்நுட்ப வினாவன்று. துணியில் வரைந்த ஓவியம் தன் மரச்சட்டத்தோடு வருகின்றது. அதனைப் படமெடுப்பவர் அச்சட்டம் வரையிற் சென்று நின்றாற் போதும். சுவரோவியத்திற்கு அத்தகைய சட்டம் இல்லை. அது ஒருபுறம் வாயிற்கதவிலும், ஒருபுறம் மின்கம்பத்தின் மறைவிலும், கீழே வடிகாலிலும், மேலே ஓட்டு விளிம்பிலும் முடிகின்றது. எங்கே முடிந்தது என்பதைப் படமெடுப்பவரே தீர்மானிக்க வேண்டியிருத்தலின், அவர் தம்மை அறியாமலே அவ்வோவியத்திற்கு உரையாசிரியராகிவிடுகின்றார். உரையாசிரியர் தவறினால் மூலம் தவறிய பொருளோடு பரவும்.

இவ்வினா அம்பாறைக் கரையோர ஊர்களைப் போலக் கூர்மையாக எழும் இடங்கள் இலங்கையில் அதிகமில்லை எனலாம். வடக்கிலிருந்து தெற்காக வருமிடத்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து கிடக்கின்றன. இவற்றுள் சில முஸ்லிம்களின் ஊர்கள், சில தமிழரின் ஊர்கள். கல்முனைப் பட்டினம் இருவர்க்கும் உரியது. மொழி எல்லோர்க்கும் ஒன்றே. ஓர் ஊரின் கடைசி மதிலும் அடுத்த ஊரின் முதன்மதிலும் ஒன்றையொன்று தொட்டு நிற்குமிடங்கள் பல. அத்தகைய இடத்திலே படத்தின் விளிம்பைப் பத்தடி இடப்புறம் நகர்த்துவதும் வலப்புறம் நகர்த்துவதும் ஊரையே மாற்றிவிடும்.

முதலில் இடத்தின் இயல்பை நோக்குவோம். பிரதான வீதி கடலுக்கு ஒத்தாற்போல் வடக்குத் தெற்காகச் செல்கின்றது. எனவே வீதியோரச் சுவர்களிற் பெரும்பாலன ஒன்றிற் கிழக்கு நோக்கும், அன்றி மேற்கு நோக்கும். வீதியின் மேற்குப் பக்கத்துச் சுவர் கடலிலிருந்தெழும் காலை வெயிலை நேரே பெறுகின்றது. கிழக்குப் பக்கத்துச் சுவருக்கு மாலைதான் வெளிச்சம். நண்பகலில் இரண்டும் மேலிருந்து சரியும் வெயிலிற் பூச்சின் மேடுபள்ளங்களை எல்லாம் வெளிக்காட்டி, ஓவியத்தின் நிறத்தை அடக்கிவிடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே, மழை ஓய்ந்த முகில் மூடிய பகலே நிறத்தை உள்ளவாறு பதிவதற்கு உகந்தது. பளபளப்பான எனாமல் வர்ணத்தால் தீட்டிய சுவராயின் நேர்வெயில் கண்ணாடிபோல் எதிரொளித்து உருவை விழுங்கிவிடுமாதலின், முகிற் பகலின் பெருமை இன்னும் மிகுதி. உப்புக்காற்றும் ஈரமும் வர்ணத்தைச் செதில் செதிலாக உரிக்கும் கரையிது. அடுத்த பருவத்திற் பார்த்துக்கொள்வோம் என்று விட்ட சுவர் அடுத்த பருவத்தில் அவ்வாறே இருப்பதில்லை.

இனி அளவு. பாடசாலை மதிலொன்று நூறடி நீளமும் ஆறடி உயரமும் உடையதெனக் கொள்வோம். 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உள்ள படச்சுருளில், 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள சாதாரண வில்லையால் அம்மதில் முழுவதையும் அடக்குவதற்கு ஏறக்குறைய 139 அடி பின்னே செல்லவேண்டும். சென்றாலும், மதிலின் உயரம் படச்சுருளில் இரண்டு மில்லிமீற்றரை ஒட்டியே அமையும். எஞ்சிய இருபத்திரண்டும் வீதிக்கும் வானத்திற்கும் உரியன. நெருங்கிய கடைத்தெருவிலோ நாற்பதடிக்கு மேற் பின்வாங்க இடமிராது. நாற்பதடியிலிருந்து அகப்படுவது இருபத்தொன்பது அடி மட்டுமே. ஆகவே, மூன்றிலொரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஐந்து படங்களை எடுத்து ஒட்டினாலன்றி மதில் முழுமையாகாது. கைத்தொலைபேசியின் அகலவில்லை இதனிலும் மிகுதியாகக் கொள்ளுமெனினும், சுவருக்கு நேரே நில்லாது சாய்த்துப் பிடிக்கின் ஓரங்களில் உருவங்களை இழுத்து நீட்டிவிடும்; அண்மை ஓரத்தில் வரையப்பட்ட மனிதன் காரணமின்றிப் பருத்துப்போவான். இத்தனை இடரையும் கண்டபின் பலரும் செய்வது யாதெனில், மதிலில் மிகவும் எடுப்பான எட்டடிப் பகுதியொன்றைத் தெரிந்து, அதனை மட்டும் எடுத்துக்கொண்டு போதலாகும். எஞ்சிய தொண்ணூற்றிரண்டு அடியும் வரையப்படாதவை போலாகின்றன. இது சோம்பலின் விளைவேயன்றி அழகுணர்ச்சியின் விளைவன்று. ஆயினும் பின்னர் அழகுணர்ச்சியின் பெயராலேயே அது நியாயப்படுத்தப்படுகின்றது.

நீண்ட சுவரை நிழற்படத்தில் அடக்கும் முயற்சி தமிழ்நாட்டிலே பழையது. 1858 ஆம் ஆண்டில் லினேயஸ் திரைப் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டைப் படமெடுக்கப் புகுந்தார். கல்வெட்டு ஒரு படத்தில் அடங்காது. அவர் அதனைச் சிறிது சிறிதாக எடுத்து, இருபத்தொரு அச்சுகளை வரிசையாக ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேற்பட்ட நீண்ட சுருளாக்கினார். அழகான துண்டொன்றைத் தெரிந்தெடுத்து அமைதியுறும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. எழுத்தாதலின் அவ்வாறு செய்ய இயலவில்லை. பாதியில் அறுந்த சாசனம் சாசனமாகாது என்பது எவர்க்கும் வெளிப்படை. ஓவியமும் பாதியில் அறுந்தால் ஓவியமாகாது என்பது மட்டும் அத்துணை வெளிப்படையாக எவர்க்கும் தோன்றுவதில்லை.

அதே கோயிலின் உள்ளே நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சின் அடியிலே சோழர் கால ஓவியம் மறைந்திருத்தலைக் கண்டறிந்தார். உட்சுற்று ஒடுக்கமானது, இருண்டது, சுவரோ உயர்ந்தது. பின்வாங்கி நின்று முழுச் சுவரையும் காண்பதற்கு அங்கே இடமில்லை. எனவே அவ்வோவியங்கள் உலகிற்கு வந்தது துண்டு துண்டாகவே. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு, அவர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குச் செல்லுதல், கயிலையிலே இறைவன் வீற்றிருத்தல் என ஒரே சுவரில் தொடர்ந்து செல்லும் கதை, நிழற்படங்களிலே தனித்தனிக் காட்சிகளாயிற்று. ஆடும் மகளிரின் உருவம் கதையினின்று பிரிந்து நாட்டிய வரலாற்றுக்கு அணியாயிற்று. மேலும் ஒன்று. முதியவர் ஒருவரும் அவர் பின்னே மற்றொருவரும் நிற்கும் பகுதி தலையும் மார்பும் அளவாகக் கத்தரிக்கப்பட்டு, இராசராசனும் அவன் குரு கருவூர்த்தேவரும் என்ற பெயரோடு எங்கும் பரவியுள்ளது. அப்பெயரீட்டை ஐயுறும் அறிஞரும் உளர். அவ்வையத்தைத் தீர்ப்பதற்குத் துணையாகக் கூடியவை அவ்விரு தலைகளைச் சூழ்ந்துள்ள உருவங்களே. பரவிய படத்தில் அவையே இல்லை. எல்லையை இறுக்கினவர் தம்மையறியாமலே ஒரு வரலாற்று வழக்கில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவை விகாரையின் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. அங்கே வெசந்தர சாதகம் பட்டைபட்டையாகச் சுவரில் ஓடுகின்றது; ஒரே அரசன் ஒரே பட்டையிற் பலமுறை தோன்றுவான். ஒரு தோற்றத்தை மட்டும் எடுப்பவர் அவனது பயணத்தை நிறுத்திவிடுகின்றார். சிகிரியாவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அங்குள்ள மகளிர் இடைக்குக் கீழே முகிலால் மறைக்கப்பட்டவர்களாகவே தீட்டப்பட்டனர், எல்லையிட்டவன் ஓவியனே. அந்த முகிலையும் நீக்கி முகத்தை மட்டும் எடுப்பவர் விண்ணிலிருந்து இறங்கும் உருவத்தை மண்ணில் வாழும் அழகியாக்கிவிடுகின்றார்.

பழைய கோயிற் சுவர்களினின்று இன்றைய வீதிச் சுவருக்கு வருவோம். 2019 நவம்பர் 16 ஆம் நாள் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலை அடுத்த வாரங்களில், இலங்கை முழுவதும் இளைஞர் தூரிகை ஏந்தி வீதிச் சுவர்களை ஓவியங்களால் நிரப்பினர். தெற்கிலே தொடங்கிய இம்முயற்சி வடக்கிற்கும் கிழக்கிற்கும் பரவிற்று. இராவணன், பண்டைய மன்னர், போர்வீரர், யானை, காடு, கிராமிய வாழ்க்கை என்பன தெற்கின் சுவர்களில் மிகுதியாகத் தோன்றின. போர்வீரர் உருவங்கள் இத்தனை வேண்டுமோ என்ற கேள்வியை அக்காலத்திலேயே எழுத்தாளர் சிலர் எழுப்பினர். ஆனால் அவ்வோவியங்களைப் பரப்பிய நிழற்படங்களைப் பற்றி எவரும் அத்துணை கருத்தூன்றினாரல்லர்.

அந்நிழற்படங்கள் பெரும்பாலும் மூன்று வகையின. முதலாவது, இளைஞர் வர்ணக் குவளையுடன் சுவர் முன்னே நிற்பது. இரண்டாவது, ஓவியம் மட்டும் விளிம்போடு விளிம்பாகக் கத்தரிக்கப்பட்டது. மூன்றாவது, முன்பும் பின்பும் என இரண்டு படங்களை இணைத்தது: முன்னே அழுக்குச் சுவர், பின்னே அழகுச் சுவர். இம்மூன்றாவது வகையே மிகவும் விரும்பப்பட்டது. மிகவும் ஐயத்திற்குரியதும் அதுவே. முன்னைய படத்தை உற்றுநோக்கினால் அழுக்கெனப்பட்டது யாது என்பது புலனாகும். தேர்தற் சுவரொட்டி, தனியார் வகுப்பு விளம்பரம், மரண அறிவித்தல், ஏதேனுமொரு கோரிக்கையின் பாதி உரிந்த வாசகம். (தனியார் வகுப்பு விளம்பரம் இல்லாத சுவர் இலங்கையில் உண்டாயின் அது தனியே பதியத்தக்கது.) இவையும் பொதுமக்களின் எழுத்தே. அவற்றுள் அழியத் தகுந்தனவும் உண்டு, ஏதோவொரு முறைப்பாட்டைத் தாங்கியனவும் உண்டு. பின்னைய படம் நான்கு விளிம்பையும் இறுக்கி எடுக்கப்பட்டமையால், புதிய வர்ணம் எதன்மேல் ஏறியது, யாருடைய மதிலில் ஏறியது, அனுமதியோடு ஏறியதா என்பன அறியக்கூடாதவாறு போயின. மதிலின் வாயிற்பலகை ஒன்று சட்டத்தினுள் இருந்திருப்பின் அது பாடசாலையின் மதிலா, பிரதேச சபையின் மதிலா, முகாமின் மதிலா என்று விளங்கியிருக்கும். போர்வீரன் உருவம் படைமுகாமின் மதிலில் இருத்தல் ஒரு பொருள். ஊர்ப் பாடசாலையின் மதிலில் இருத்தல் மற்றொரு பொருள். போரில் இழந்தவர் வாழும் தெருவில் இருத்தல் வேறொரு பொருள். இறுக்கிக் கத்தரித்த படத்தில் மூன்றும் ஒன்றே.

அம்பாறைக் கரைக்கு அவ்வாண்டு வேறுவகையிலும் மறக்கவியலாதது. ஏப்பிரல் 21 ஆம் நாள் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து ஐந்து நாட்களின்பின், சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சூழ்ந்துகொண்டனர். உள்ளே வெடிகள் வெடித்தன. குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். சாய்ந்தமருது என்னும் பெயரை உலகின் செய்தித்தாள்கள் அறிந்தது அவ்வாரத்திலேயே. அப்பெயரோடு சென்ற நிழற்படம் கரிபடிந்த ஒரு வீட்டுச் சுவர். அவ்வீட்டில் குடிவந்தோரைப் பற்றி ஐயுற்று ஊரவர் தகவல் கொடுத்தனர் என்பது செய்தியில் வந்தது, படத்தில் வரவில்லை. வரக்கூடியதுமன்று. ஒரு சுவர் ஓர் ஊரின் முகமாகிவிட்டதை அவ்வூரார் செய்வதறியாது பார்த்துக்கொண்டிருந்தனர். அதன்பின் அரபு எழுத்துள்ள பலகைகளும் சுவர்களும் நாடெங்கும் ஐயத்துடன் நோக்கப்பட்டன. அரபு வாசகம் ஒன்று எழுதிய சுவரை எல்லோரும் கடந்து செல்கின்றனர். அதன் கீழே தமிழில் அதன் பொருள், பக்கத்திலே மும்மொழிப் பெயர்ப்பலகை, எதிரே தேநீர்க்கடை. கமராவைச் சற்று மேலே உயர்த்தித் தமிழ் வரியை வெட்டிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது அந்நியமொன்றின் வாயிலாகத் தோன்றும். தமிழ் வரியோடு சேர்த்து எடுத்தால், ஒரு தமிழ் பேசும் ஊர் தன் வேதமொழியிலும் வீட்டுமொழியிலும் ஒருங்கே எழுதியிருக்கின்றது என்பது விளங்கும். இரண்டு படங்களும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் சமமல்ல. ஒன்றிலே மெய்யின் பாதி மற்றப் பாதியைப் பகைமையாக்குகின்றது.

இவ்வூர்ச் சுவர்களின் இயல்பையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். உயிருருவங்களை வரைதல் தகாதென்னும் கொள்கையை இஸ்லாமிய அறிஞர் பலர் நபிமொழியை ஆதாரமாகக் கொண்டு வலியுறுத்துவர். அதனால் எழுத்து, கோலவடிவம், பூங்கொடி, கடல், தோணி, பிறை, நூல் என்பவற்றையே நாடும் ஓவியக்கை முஸ்லிம் ஊர்களில் வளர்தல் இயல்பு. எழுத்தோவியத்தைப் படமெடுப்பதில் ஒரு தனி இடருண்டு. அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து வலமிருந்து இடமாகச் செல்வன. தமிழ் இடமிருந்து வலமாகச் செல்லும். நீண்ட சுவரை ஐந்து துண்டாக எடுத்து ஒட்டும்போது, சொல்லின் நடுவே மூட்டு விழுந்தால் எழுத்தின் இணைப்பு முறிந்து வேறெழுத்தாகத் தோன்றக்கூடும். எனவே மொழியறியாதவர் தனியே செய்யத்தக்க வேலையன்று இது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். திரைப் தஞ்சைச் சாசனத்தில் எதிர்கொண்ட இடரும் இதுவே.

பரிபாடற் புலவரின் முறைக்கும் இங்கே ஒரு தடை எழுகின்றது. சுவரோடு பார்ப்போரையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்பது மேலே கூறப்பட்டது. பார்ப்போர் காட்டப்பட விரும்பாவிடின்? நிழற்படம் உருவம் வரைதலில் அடங்குமா அடங்காதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு; அடங்காது என்போரும் பெண்களை அவர்தம் ஒப்புதலின்றிப் படமெடுப்பதை ஏற்கமாட்டார்கள். மார்க்கத்தை விட்டு நோக்கினும், வீதியில் நடக்கும் ஒருத்தி ஓவியத்திற்கு அளவுகோலாக நிற்கக் கடமைப்பட்டவளல்லள். சில படப்பிடிப்பாளர் வேண்டுமென்றே பர்தா அணிந்த பெண்ணொருத்தி வர்ணச் சுவரைக் கடந்து செல்லும்வரை காத்திருந்து எடுப்பர். கறுப்பும் வர்ணமும் முரண்பட்டுக் கண்ணைக் கவரும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கில் அப்பெண் ஒரு நிறமே. அவளுக்கும் அச்சுவருக்கும் என்ன உறவு என்பது கேட்கப்படவில்லை. நப்பண்ணனார் காட்டிய மக்களோ வினவுகின்றனர், விடை கூறுகின்றனர். அவர்கள் பாட்டிலே பொருளாக நிற்கவில்லை, பேசுகின்றனர். வேறுபாடு இதிலேயே உள்ளது. ஒப்புதல் கேட்டு, கேட்டவரையே சுவர் முன்னே நிற்கச்செய்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுதல் ஒரு வழி. மனிதர் வேண்டாமெனில், சாய்த்துவைத்த சைக்கிளும் கழற்றிவைத்த செருப்பும் அங்கே மனிதர் உண்டென்பதைச் சொல்லப் போதியன.

எல்லையை அகற்றிவிட்டால் மட்டும் மெய் தானே வந்துவிடும் எனவும் எண்ணற்க. அகன்ற படமும் பொய் சொல்ல வல்லது. கோபுரமும் மினாராவும் ஒரே படத்தில் ஒன்றையொன்று உரசி நிற்கும் காட்சியைச் சஞ்சிகைகளிலும் நாட்காட்டிகளிலும் பலர் கண்டிருப்பர். கீழே இன ஒற்றுமை என்றோ அதுபோன்றோ எழுதியிருக்கும். இத்தகைய படம் பெரும்பாலும் நீண்ட குவியத் தூர வில்லையால் வெகுதொலைவில் நின்று எடுக்கப்படுவது. அவ்வாறு தொலைவில் நின்று எடுக்குங்கால் முன்னதற்கும் பின்னதற்கும் இடையேயுள்ள தூரம் நசுங்கி இல்லாதது போலாகும். அரை மைல் இடைவெளியும் அடுத்த வீடாகத் தோன்றும். கல்முனைக் கரையிலே இத்தகைய படத்தை எடுத்தல் எளிது. ஆனால் 2019 யூன் மாதத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென ஒரு பகுதியார் உண்ணாவிரதம் இருந்தபோது, மறுபகுதியார் அதற்கெதிராகத் திரண்டனர். நசுக்கி ஒட்டப்பட்ட கோபுரமும் மினாராவும் அவ்வழக்கிற்கு எவ்வித விடையும் அளிக்கவில்லை; அளித்தல் அவற்றின் நோக்கமுமன்று. இடையிலே கிடக்கும் தூரத்தை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசும் படத்தினும், தூரத்தை உள்ளவாறு காட்டி அத்தூரத்தில் யார் யார் நடக்கின்றனர், யார் கடையில் யார் மீன் வாங்குகின்றனர் என்று காட்டும் படம் பயனுடையது. அது அத்துணை அழகாக இராது. நாட்காட்டிக்கு ஏற்றதன்று.

ஓவியத்தை ஓவியமாகவே காணவேண்டும், தெருவையும் கம்பத்தையும் சேர்ப்பது கலைக்கு இழிவு என்பாரும் உளர். அவர் கூற்றை எளிதிற் புறக்கணித்தலாகாது. பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த பிரசாய் என்னும் நிழற்படக் கலைஞர் 1930களிலிருந்து பரிசு நகரச் சுவர்களிற் கீறப்பட்ட உருவங்களைப் படமெடுத்து, 1960 இல் நூலாக வெளியிட்டார். அவர் படங்கள் மிகவும் இறுக்கமானவை. சுவரின் கீறலும் அதன்மேல் விழும் சாய்ந்த ஒளியுமன்றி வேறொன்றும் அவற்றிலில்லை. பெயரறியாத கைகள் கீறிய முகங்கள் அவ்விறுக்கத்தாலேயே மேலான கலையின் நிலையை எய்தின. தெருவைச் சேர்த்திருந்தால் அவை குறும்புக் கீறல்களாகவே கருதப்பட்டிருக்கும். ஆயினும் பிரசாய் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எந்தச் சுவர், எந்தத் தெரு என்பதை அதில் எழுதி, ஆண்டுகள் கழிந்தபின் அதே சுவருக்கு மீண்டும் சென்று என்ன மாறிற்று எனவும் பதிந்தார். படத்திலே வெட்டியதை ஏட்டிலே காத்தார். இறுக்கமான படத்திற்கு எதிராகக் கூறப்படும் குற்றம் அதன் இறுக்கத்திலன்று, அவ்வேடு இல்லாமையிலேதான் உள்ளது.

தமிழ்ப் புலவர்க்கு இம்முறை புதியதன்று. புறநானூற்றுச் செய்யுட்களிற் பெரும்பாலனவற்றின் கீழே திணையும் துறையும், பாடியவர் பெயரும், பாடப்பட்டோன் பெயரும், பாடிய சூழலும் குறிக்கப்பட்டுள்ளன. செய்யுள் தன்னளவில் நிற்கும். ஆயினும் அக்குறிப்பு இல்லாவிடின், சிறைப்பட்ட மன்னன் பாடியதை விருந்தினன் பாடியதாக எண்ணிவிட இடமுண்டு. உ. வே. சாமிநாதையர் 1894 இல் அந்நூலைப் பதிப்பித்தபோது குறிப்புகள் சிதைந்த பாடல்களால் அடைந்த இடரைக் கற்றோர் அறிவர். சுவரோவியத்தின் நிழற்படமும் தொகைநூற் செய்யுளை ஒத்தது. இடத்தினின்று பெயர்த்தெடுக்கப்பட்டது அது. கீழ்க்குறிப்பின்றி அதனைப் பரப்புவோர் பிற்காலத்தார்க்கு ஐயங்களையே முதுசொமாக விட்டுச் செல்கின்றனர்.

நிழற்படமே ஓவியத்தின் ஒரே எச்சமாகும் நாளும் வருவதுண்டு. மெக்சிக்கோ நாட்டு ஓவியர் தியேகோ ரிவேரா 1933 இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் மையத்திற் பெருஞ்சுவரோவியம் ஒன்றைத் தீட்டினார். அதில் லெனினுடைய முகத்தை வரைந்ததனால் வேலை நிறுத்தப்பட்டது. 1934 பெப்ருவரியில் ஓவியம் உடைத்தழிக்கப்பட்டது. வேலை நிறுத்தப்படும் தறுவாயில், படமெடுக்கத் தடையிருந்தும், அவருடைய உதவியாளர் லூசியன் புளொக் சிறிய லைக்கா கமராவைத் தம் உடையினுள் மறைத்து உள்ளே கொண்டுசென்று சில படங்கள் எடுத்தார். காவலர் கண்ணுக்கு மறைவாக எடுத்த படங்களில் எல்லையைத் தெரிந்து வகுக்க நேரமேது? கிடைத்ததே எல்லை. அப்படங்களைத் துணையாகக் கொண்டே ரிவேரா அவ்வாண்டிலேயே மெக்சிக்கோ நகரில் அவ்வோவியத்தை மீளத் தீட்டினார். அங்கே அவசரம் இருந்தது. வீதியோரத்துப் பாடசாலை மதிலைப் படமெடுப்பவருக்கு அத்தகைய அவசரமொன்றுமில்லை. காலை வெயிலுக்காகக் காத்திருக்கலாம், வீதியைக் கடந்து மறுபுறம் செல்லலாம், ஒரு படத்துக்குப் பதில் ஆறு எடுக்கலாம். 2004 டிசெம்பர் 26 இல் இக்கரையில் வீடுகளும் மதில்களும் ஒரு காலைப்பொழுதிற் போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேர்வரை மாண்டனர். அதற்கு முன் அத்தெருக்கள் எவ்வாறிருந்தன என்பதைக் காட்டுவன பெரும்பாலும் திருமண வீட்டுப் படங்களில் மணமக்களின் பின்னே தற்செயலாக அகப்பட்ட சுவர்களே. படமெடுத்தவர் அவற்றை வேண்டாத பின்னணியாகவே கருதியிருப்பர்.

கல்முனைக் கரைச் சுவரொன்றின் நிழற்படத்தின் கீழே எழுதத்தக்க குறிப்பு நீண்டதாக இருக்க வேண்டுவதில்லை. பிரதான வீதி, மேற்குப் பக்கம், கிழக்கு நோக்கிய பாடசாலை மதில். இன்ன ஆண்டு, இன்ன மாதம், காலை எட்டு மணி. ஐந்து படங்கள் ஒட்டப்பட்டன, மூட்டுகள் இன்னின்ன இடத்தில். வடகோடி வேப்பமரத்தால் மறைந்தது. தென்கோடியில் மூன்றடி அளவில் முன்னிருந்த வாசகத்தின்மேல் வெள்ளை பூசப்பட்டுள்ளது, வாசகம் இன்னும் மங்கலாகத் தெரிகின்றது. தீட்டியவர் உயர்தர வகுப்பு மாணவர். முன்னே நிற்பவர் ஒப்புதலுடன் நிற்கின்றார்.